கார்பன் ஃபைபர் பானெட் செய்ய எல்லை தாண்டும் முன்

என் காருக்கு ஒரு கார்பன் ஃபைபர் பானெட் செய்துகொள்ள எனக்குப் பதினொரு மாதங்களும் இரண்டு பானெட்டுக்கான பணமும் செலவாயின. முதல் பானெட் இப்போது கோழிக்கூண்டின் மேல் மழைத்தடுப்பாகக் கிடக்கிறது. இரண்டாவதுதான் வண்டியில் இருக்கிறது. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த வேலைக்கான பட்டறைகள் கோவையில்தான் அமையும். வண்டி கேரளப் பதிவு, பட்டறை தமிழ்நாடு என்பதால் வேலையில் மட்டுமல்லாமல் தாள்களிலும் சிக்கல் வரும். நான் தடுக்கிய இடங்களை வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. எதற்காகச் செய்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

எடை குறைய வேண்டுமா, கறுப்புப் பின்னல் தெரிய வேண்டுமா என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். அழகு மட்டும் போதுமென்றால், இருக்கும் பாகத்தின் மேல் ஒரே ஒரு அடுக்கு கார்பன் துணியை ஒட்டி கிளியர் கோட் (நிறமற்ற மேற்பூச்சு) அடிக்கும் வேலை இருக்கிறது. இதில் எடை குறையாது, சற்றுக் கூடும், ஆனால் செலவு மிகக் குறைவு, மோல்டும் (பாகத்தை வார்க்கும் அச்சு) தேவையில்லை. எடை குறைய வேண்டுமென்றால் பாகத்தையே புதிதாக வார்க்க வேண்டும்.

வார்ப்பதில் மூன்று முறைகள் உண்டு. துணியை மோல்டில் விரித்து பிரஷ்ஷால் ரெசின் (துணியோடு சேர்ந்து இறுகும் பிசின்) தடவுவது முதல் முறை. துணியை உலர்வாக அடுக்கி, மேலே பிளாஸ்டிக் உறை ஒட்டி, வேக்யூம் பம்ப்பால் காற்றை உறிஞ்சி, அந்த உறிஞ்சலிலேயே ரெசினை உள்ளே இழுக்க விடுவது இன்ஃப்யூஷன். ரெசின் ஏற்கெனவே ஊறிய துணியை உறைகுளிரில் பாதுகாத்து, அழுத்தத்தோடு சூட்டில் வேக வைப்பது பிரிபிரெக். பந்தய அணிகளுக்கு மூன்றாவது சரி. நம்மைப் போன்றவர்களுக்கு இன்ஃப்யூஷன் போதும். பிரஷ் வேலையில் தேவைக்கு மேல் ரெசின் தங்கிவிடும் என்பதால் காசு கொடுத்து வாங்கிய எடைக்குறைப்பில் பாதி அங்கேயே போய்விடும்.

எடைக்கு ஒரு கணக்கு: என் வண்டியின் இரும்பு பானெட்டைத் தேங்காய் மண்டித் தராசில் வைத்தபோது 14.2 கிலோ. பிரஷ்ஷால் செய்த முதல் பானெட் 9.8 கிலோ. இன்ஃப்யூஷனில் செய்த இரண்டாவது 5.6 கிலோ.

ஸ்பாய்லர் (வண்டியின் பின்பக்கம் மாட்டும் காற்றுத் தடுப்பு) செய்ய நினைப்பவர்களுக்கு இடையில் ஓர் எச்சரிக்கை. கார்பன் மின்சாரம் கடத்தும் பொருள். ரேடியோ அலையை மறைத்துவிடும். பழைய ஸ்பாய்லருக்குள் ஆன்டெனா இருந்தால், கார்பனில் மாற்றியதும் எஃப்.எம். இரைச்சலாகத்தான் கேட்கும். பம்பருக்குப் பின்னால் ரேடார் சென்சார் உள்ள வண்டிகளுக்கும் இதே கதைதான். அந்த இடத்தில் மட்டும் கண்ணாடி இழைத் துணி போடச் சொல்லுங்கள்.

2. முன்பணம் கொடுக்கும் முன் ஆர்.சி.யைப் படியுங்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, விதியை மீறி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். கேரளத்தில் இந்த விஷயத்தில் கெடுபிடி அதிகம் என்பதை இங்கே வண்டி ஓட்டும் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

ஆர்.சி.யில் நிறம் இருக்கிறது, வெற்று எடை இருக்கிறது. வெள்ளை வண்டிக்குக் கறுப்புப் பின்னல் தெரியும் பானெட் மாட்டினால், பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது நிறம்தான். ஆகவே நான் செய்தது இது: பானெட்டின் வெளிப்புறம் முழுவதும் வண்டியின் நிறத்திலேயே பெயிண்ட், பின்னல் தெரிவது உட்புறத்தில் மட்டும். திறந்து பார்க்கும்போது எனக்குத் தெரிந்தால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பெயிண்ட் அடித்தாலும், உங்கள் பாகத்துக்கு அனுமதி தேவையா என்பதை வண்டி பதிவான அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். கே.எல். 70 வண்டிகளுக்கு அது சித்தூர் அலுவலகம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்குத் தமிழில் மனுக் கொடுக்க வழி வைத்திருக்கிறது. ஆனால் பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் மாற்றத்துக்கான விண்ணப்பத்தை நிரப்ப ஆங்கிலம்தான் வேண்டும். கையில் வைத்திருக்க வேண்டியவை: ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், பட்டறையின் எஸ்டிமேட், பழைய பாகத்தின் புகைப்படம். வண்டி கடனில் இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்றிதழும் சேரும். அதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும், முதலில் அதைக் கேளுங்கள்.

கழற்றிய பழைய பாகத்தை விற்றுவிடாதீர்கள். பழைய இரும்புக்கு என்ன விலை கிடைத்துவிடப் போகிறது? பழையபடி மாற்றச் சொன்னால் உங்களிடம் அது இருக்க வேண்டும்.

3. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு மாட்டும் முன்பே தெரிவியுங்கள்

மாட்டிய பிறகு சொல்வதும் விபத்துக்குப் பிறகு சொல்வதும் ஒன்றுதான். மின்னஞ்சலில் பாகம், மதிப்பு, பட்டறையின் எஸ்டிமேட் மூன்றையும் அனுப்பி, பாலிசியில் சேர்த்துத் தரும்படி கேளுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ காரணமாகலாம்.

தேய்மானக் கழிவையும் கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமான பாலிசியில் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதமும், கண்ணாடி இழைப் பாகங்களுக்கு 30 சதவீதமும் கழிப்பார்கள். உங்கள் கார்பன் பாகத்தை இவற்றில் எந்த வரிசையில் வைக்கப்போகிறார்கள் என்பதை அவர்களுடைய பதிலில் எழுதி வாங்குங்கள். பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம் அது. பாகம் ஏற்கெனவே உடைந்திருந்தால், சர்வேயர் பார்த்துப் படம் எடுக்கும் வரை பட்டறைக்காரர் கையை வைக்க விடாதீர்கள்.

4. பட்டறையைச் சோதிக்கும் வழி

கோவையில் ஃபைபர் வேலை என்று பலகை வைத்த பட்டறைகள் பல உண்டு. பெரும்பாலானவை கண்ணாடி இழையில் தண்ணீர்த் தொட்டியும் பஸ் முகப்பும் செய்பவை. அந்த வேலையில் அவர்கள் கெட்டிக்காரர்கள். கார்பனும் கிட்டத்தட்ட அதே வேலைதான் என்று அவர்கள் நம்புவதுதான் ஆபத்து. என் முதல் பானெட்டைச் செய்த பட்டறை அப்படிப்பட்டது. மேலே ஓர் அடுக்கு கார்பன், கீழே இரண்டு அடுக்கு கண்ணாடி இழை மேட், நடுவில் பாலியெஸ்டர் ரெசின். வாங்கிய அன்று கண்ணாடி போல மின்னியது. ஏப்ரல் மாதம் வீட்டு வாசலில் நான்கு நாள் வெயிலில் நின்றது. ஐந்தாம் நாள் காலையில் விரலால் தடவினால் துணியின் பின்னல் கோடு கோடாக நெருடியது. முன்கண்ணாடிப் பக்க ஓரம் எட்டு மில்லிமீட்டர் தொய்ந்திருந்தது.

இதைத் தவிர்க்க வேதியியல் படிக்க வேண்டியதில்லை, ரெசின் கலக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். பாலியெஸ்டர் ரெசினுக்கு ஹார்டனரை (ரெசினை இறுக வைக்கும் திரவம்) மருந்துச் சொட்டு போல ஓரிரு சதவீதம்தான் விடுவார்கள், பட்டறைக்குள் நுழையும்போதே மூக்கைத் துளைக்கும் நெடியும் இருக்கும். கார்பனுக்கு ஏற்ற ரெசினான எபாக்ஸியில் ஹார்டனர் கணிசமான பங்கு. நூறு கிராம் ரெசினுக்கு முப்பது கிராம் என்பது போன்ற குறித்த அளவு, அதை மின்தராசில் வைத்துத்தான் கலக்க வேண்டும். தராசு இல்லாத பட்டறையில் எபாக்ஸி வேலை நடக்காது. கண்மதிப்பில் கலந்த எபாக்ஸி இறுகவே இறுகாமல் பிசுபிசுத்து நிற்கும்.

அடுத்து, வேக்யூம் பம்ப் ஓடுகிறதா, பிளாஸ்டிக் உறையை ஒட்டும் சீலன்ட் டேப் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதாக, வேக வைக்கும் அறை அல்லது பெட்டி. அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய எபாக்ஸி ஐம்பது, அறுபது டிகிரி வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். நம் ஊரில் பங்குனி, சித்திரை வெயிலில் கறுத்த பாகம் எழுபது டிகிரியைத் தாண்டும், பானெட்டுக்குக் கீழே எஞ்சின் சூடு வேறு. ரெசின் தயாரிப்பாளரின் தாளில் உள்ளபடி படிப்படியாகச் சூடேற்றி வேக வைக்கும் வசதி இல்லாத இடத்தில் பானெட் செய்யாதீர்கள். பக்கவாட்டு ஓரப் பட்டை, பக்கக் கண்ணாடியின் மூடி போன்றவற்றைச் செய்யலாம்.

நல்ல பட்டறையைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியவர்கள் கல்லூரி மாணவர்கள். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் மாணவர்கள் தாங்களே செய்த ஃபார்முலா வண்டிகளை ஓட்டும் போட்டி நடக்கும். அந்த அணிகளுக்குப் பணம் குறைவு, வேலை நுணுக்கம். யாரிடம் துணி வாங்குவது, யார் சொன்ன தேதியில் தருவார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். விளம்பரம் பார்த்துப் போவதைவிட அவர்களிடம் கேட்டுப் போவது நல்லது.

5. எஸ்டிமேட்டில் எழுதி வாங்க வேண்டியவை

“கார்பன் பானெட் ஒன்று” என்று ஒற்றை வரியில் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். துணியின் எடை, பின்னல், எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிக்கச் சொல்லுங்கள்: 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), 3கே (ஒரு கற்றையில் மூவாயிரம் இழை), ட்வில் (சாய்வுக் கோட்டுப் பின்னல்), இத்தனை அடுக்கு. அடுக்குகள் அனைத்தும் கார்பனா, கீழே கண்ணாடி இழை கலந்ததா என்பதும் அதில் இருக்க வேண்டும். கலப்பு தவறல்ல, விலை குறையும். ஆனால் முழுக் கார்பன் விலைக்குக் கலப்பை விற்பதுதான் இந்தத் தொழிலின் பழகிய தந்திரம். ரெசினின் பெயர், வேக வைக்கும் வெப்பம், முடிந்த பாகத்தின் உச்ச எடை ஆகியவையும் எழுத்தில் வரட்டும். என் எஸ்டிமேட்டில் “ஆறு கிலோவுக்கு மேற்படாது” என்ற ஒரு வரியைச் சேர்க்க வைத்தேன். வேலை முழுவதையும் ஒழுங்காக நடத்தியது அந்த வரிதான் என்று நினைக்கிறேன்.

மோல்டு யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுதுங்கள். மோல்டுக்கான பணத்தை நீங்கள் கொடுக்கிறீர்கள், ஆனால் கேட்காவிட்டால் அது பட்டறையில்தான் தங்கும்; அதே மாதிரி வண்டி வைத்திருக்கும் அடுத்தவருக்கு அதிலிருந்தே பானெட் போகும். நான் சொந்தமாக்கிக்கொண்டேன். சிலர் மோல்டைப் பட்டறைக்கே விட்டுவிட்டு அதற்கு விலைக்குறைப்பு வாங்குவார்கள், அதுவும் நியாயமான வியாபாரம்தான்.

நான் கொடுத்த கணக்கு: மோல்டு 28,000 ரூபாய், வார்ப்பு 38,000, பெயிண்ட்டும் கிளியர் கோட்டும் 7,000, ஆக 73,000. அதற்கு 18 சதவீத வரி 13,140. மொத்தம் 86,140 ரூபாய். வீணாகப் போன முதல் பானெட்டின் 24,000 இதில் சேரவில்லை. முன்பணமாகப் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். மோல்டு முடிந்ததும் ஒரு தவணை, பாகத்தை வண்டியில் பொருத்திப் பார்த்த பிறகு மிச்சம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

6. மோல்டுக்குக் கொடுக்கும் மூலப் பாகம்

மோல்டு என்பது நீங்கள் கொடுக்கும் பாகத்தின் அச்சு நகல். அதில் உள்ள ஒடுக்கு, பட்டி பூசிய மேடு, கல் தெறித்த குழி எல்லாம் அப்படியே இறங்கும். எனவே டிங்கரிங் வேலையை முதலில் முடித்து, மேற்பரப்பை வாட்டர் பேப்பரால் இழைத்துக் கொடுங்கள். பெயிண்ட் புதிதாக அடித்ததாக இருந்தால் அது நன்கு காயக் குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள். காயாத பெயிண்ட் மோல்டோடு ஒட்டி உரிந்து வந்துவிடும். பானெட்டுக்கு மேல்தோல், உள்கூடு என இரண்டு மோல்டு வேண்டும் என்பதால்தான் அந்த 28,000.

மூலப் பாகமே இல்லையென்றாலும் கோவையில் ஒரு வழி இருக்கிறது. மோட்டார் பம்ப் வார்ப்படங்களுக்காகப் பேட்டர்ன் செய்யும் பட்டறைகளில், ஸ்கேன் செய்த கோப்பை வைத்து மரத்திலோ எம்.டி.எஃப். பலகையிலோ இயந்திரத்தால் கடைந்து தருவார்கள். நான் இதைச் செய்யவில்லை. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பழைய வண்டியின் பம்பருக்கு இப்படிச் செய்து வாங்கினார், நன்றாகவே வந்தது.

கீல், லாட்ச் (பானெட்டைப் பூட்டும் கொக்கி) பொருத்தும் இடங்களில் உலோகத் தகடு உள்ளே புதைக்கப்பட வேண்டும். அலுமினியத் தகடும் கார்பனும் நேரடியாகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப் பொடிந்துவிடும். நடுவில் ஓர் அடுக்கு கண்ணாடி இழை போடுவது தீர்வு. லாட்ச் பிடி விட்டால் ஓடும் வண்டியில் பானெட் எழுந்து கண்ணாடியை அடிக்கும் என்பதால், இந்த ஒரு இடத்தில் மட்டும் சிக்கனம் பேசாதீர்கள்.

7. எந்த மாதத்தில் கொடுக்கலாம்

ஜூன், ஜூலை மாதங்களில் கொடுக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று கோவைப் பட்டறைகளையும் விடாது. ஈரத்தில் இறுகும் எபாக்ஸியின் மேல் மெழுகு போன்ற படலம் படியும், அதன் மேல் அடித்த கிளியர் கோட் சில மாதங்களில் உரியும். ஏப்ரல், மே மாதங்களில் வேறு தொல்லை: சூட்டில் ரெசின் வேகமாக இறுகத் தொடங்கி, துணி முழுவதும் நனைவதற்குள் பாதி வழியில் நின்றுவிடும். மெதுவாக இறுகும் ஹார்டனர் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம்.

மோல்டுக்கு மூன்று வாரம், வார்ப்புக்கும் வேக வைப்புக்கும் ஒரு வாரம், பெயிண்ட்டுக்கு ஒரு வாரம் என்று கணக்கு வையுங்கள். ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் நாட்களில் பட்டறையில் ஆள் இருக்காது. ஓணத்துக்கு அவர்கள் வேலை செய்வார்கள், நமக்குத்தான் போக மனம் வராது. ஐந்து வாரம் என்று சொன்ன என் வேலை எட்டு வாரத்தில் முடிந்தது. அது நல்ல வேகம் என்றே பிறகு தெரிந்துகொண்டேன்.

8. பில்லும் எல்லையும்

பில் இல்லாமல் வாங்கினால் வரி மிச்சம் என்று பட்டறைக்காரரே சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆர்.டி.ஓ. அலுவலகம், இன்சூரன்ஸ், எல்லைச் சோதனை மூன்றுக்கும் அந்த ஒரு தாள்தான் ஆதாரம். உங்கள் பெயரும் கேரள முகவரியும் பில்லில் இருக்கட்டும், வரி ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலங்களுக்கு இடையிலான ஜி.எஸ்.டி.) என்று வரும், மொத்தத் தொகை மாறாது. வாகன உதிரிபாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் என்பதால் பழைய 28 சதவீதம் போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

பாகத்தைத் தனியாக வேனில் ஏற்றிக்கொண்டு வருவதென்றால், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லையைக் கடக்கும்போது இ-வே பில் (சரக்குக்கான மின்னணு அனுமதிச் சீட்டு) வேண்டும், ஜி.எஸ்.டி. பதிவுள்ள பட்டறை அதைச் சில நிமிடங்களில் எடுத்துத் தரும். வாளையாறு வழியாக வந்தாலும் வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாக வந்தாலும் இது பொதுதான். சின்ன வழியில் கேட்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேலந்தாவளத்தில் என்னைக் கேட்டார்கள், தாளைக் காட்டினேன், இரண்டு நிமிடத்தில் விட்டார்கள்.

9. கைக்கு வாங்கும் முன் சோதனை

பகல் வெளிச்சத்தில், பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே ஒரு முறை போய்ப் பாருங்கள். பெயிண்ட் அடித்த பிறகு குறையைக் கண்டுபிடிப்பது கடினம். குண்டூசித் துளைகள், பின்னல் கோணலாக இழுபட்ட இடம், ரெசின் எட்டாமல் வெளுத்த திட்டு ஆகியவற்றைத் தேடுங்கள். உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் கண்ணாடி இழையின் வெள்ளை மேட் தெரிகிறதா என்பது எளிதில் புலப்படும். தராசில் ஏற்றுங்கள். வண்டியில் வைத்து இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்கிறதா, லாட்ச் ஒரே அழுத்தத்தில் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள். பின்னல் தெரியும்படி விடுகிறீர்களென்றால், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் 2கே (ஹார்டனர் கலந்து அடிக்கும்) கிளியர் கோட்தான் அடித்தார்கள் என்பதை டப்பாவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். எபாக்ஸி வெயிலில் மஞ்சளாகும்.

10. விரிசல் விட்ட பாகத்தை ரிப்பேர் செய்வது

முன் பம்பருக்குக் கீழே மாட்டியிருந்த கார்பன் ஸ்பிளிட்டர் (காற்றைப் பிரிக்கும் தட்டு) ஒரு வேகத்தடையில் இடித்தபோது கண்ணுக்குத் தெரிந்தது ஒரு விரல் நீள விரிசல்தான். பட்டறைக்காரர் ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து அதைச் சுற்றித் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் டிக் டிக் என்று கணீரென்ற ஒலி. விரிசலுக்கு ஒரு சாண் தள்ளி ஒலி மந்தமானது, உளுத்த மரத்தைத் தட்டியது போல. உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தன. மந்தமாக ஒலித்த எல்லை முழுவதையும் சாக்பீஸால் கோடிட்டபோது பாதி ஸ்பிளிட்டர் வந்துவிட்டது. இந்தத் தட்டலை நீங்களே வீட்டில் செய்துவிட்டுப் போனால் எஸ்டிமேட் பேசும்போது ஏமாற மாட்டீர்கள்.

சரியான ரிப்பேரில் பிரிந்த பகுதியை வெட்டி எடுத்து, சுற்றியுள்ள ஓரத்தைச் சாய்வாக இழைத்து, பழைய அடுக்குகள் இருந்த அதே திசையில் புதுத் துணியை ஒவ்வொரு அடுக்காகப் பெரிதாக்கி வைத்து, வேக்யூம் உறைக்குள் சூட்டில் இறுக்குவார்கள். விரிசல் மேல் பட்டி பூசி கறுப்புப் பெயிண்ட் அடிப்பது ரிப்பேர் அல்ல. இழைக்கும்போது பறக்கும் கார்பன் தூசு தோலை அரிக்கும், நுரையீரலுக்கும் கெடுதி, மின்சாதனத்துக்குள் போனால் ஷார்ட் ஆகும். வண்டியில் மாட்டிய நிலையிலேயே இழைக்க வேண்டாம் என்று சொல்லிக் கழற்றிக் கொடுங்கள்.

எனக்கு 6,500 ரூபாயும் ஒன்பது நாட்களும் ஆயின. ஒட்டிய இடத்தில் பின்னல் பழையதோடு முழுதாகப் பொருந்தாது. உற்றுப் பார்த்தால் தெரியத்தான் செய்யும், அதை ஒப்புக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். ரிப்பேர் விலை புதுப் பாகத்தின் விலையில் பாதியைத் தாண்டினால், அதுவும் மோல்டு உங்களிடம் இருந்தால், புதிதாகவே வார்த்துக்கொள்ளுங்கள். வண்டியின் உடலோடு ஒட்டிய கூரை, தூண், சேஸி போன்ற பாகங்கள் கார்பனால் ஆனவையாக இருந்து அவற்றில் விரிசல் விழுந்தால், இந்தக் கட்டுரையில் சொன்ன எந்தப் பட்டறைக்கும் போகாமல் வண்டி நிறுவனத்தின் சேவை மையத்துக்கே எடுத்துச் செல்லுங்கள்.